லிங்க் வாங்கலாமா? இணையதளம் நடத்துவோர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சிறுவர்களுக்கான கணிதப் புதிர்த் தளம் ஒன்றை இரண்டு வருடமாக நடத்துகிறேன். "ஒரே மாதத்தில் 500 பேக்லிங்க், கூகுளில் முதல் இடம் உறுதி" என்று வாரம் தவறாமல் மின்னஞ்சல் வருகிறது. அவர்கள் கேட்கும் தொகை என்னால் கட்டக்கூடியதுதான். வாங்கலாமா ஐயா?

பதில்: வாங்காதீர்கள். பேக்லிங்க் என்றால் பிற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் லிங்க். நான் அதை வாங்கியவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய ஃபிலிம் கேமராக்களைப் பழுது பார்ப்பது பற்றி எனக்கு ஒரு தளம் இருக்கிறது. 2011-இல் ஒரு நிறுவனத்திடம் பணம் கட்டினேன். மூன்று மாதத்தில் ஏறக்குறைய எண்ணூறு லிங்க் வந்தன. எல்லாவற்றிலும் 'கேமரா பழுது பார்த்தல்' என்ற அதே சொற்கள். எந்தெந்தத் தளங்களிலிருந்து வந்தன என்று நான் அன்றைக்குத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தேடலில் மேலே ஏறினேன், அது போதும் என்றிருந்தது.

2012 ஏப்ரல் 24 அன்று கூகுள் 'பெங்குவின்' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. செயற்கையாகக் கட்டிய லிங்க்குகளைக் கண்டுபிடித்து அந்தத் தளங்களைக் கீழே இறக்குவதுதான் அதன் வேலை. அந்த வாரமே என் பார்வையாளர்களில் பத்துக்கு ஏழு பேர் காணாமல் போனார்கள். அப்புறம்தான் உட்கார்ந்து ஒவ்வொரு தளமாகத் திறந்து பார்த்தேன். ஒரு பக்கத்தில் என் கேமரா லிங்க், அதற்கு மேலே கடன் தருவதாக ஒன்று, கீழே எடை குறைக்கும் மாத்திரை. இப்படியே நூற்றுக்கணக்கான பக்கங்கள். ஒரு மனிதர்கூட அவற்றைப் படித்திருக்க மாட்டார். என் பெயரை எங்கெல்லாம் கொண்டுபோய் ஒட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தபோது வயிறு கலங்கியது.

லிங்க்கை எடுக்கச் சொல்லி ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதினேன். பாதிப் பேர் பதிலே போடவில்லை. சிலர் எடுப்பதற்கும் பணம் கேட்டார்கள். அந்த வருட அக்டோபரில் 'டிஸவோ' என்ற கருவியைக் கூகுள் வெளியிட்டது. "இந்த லிங்க்குகளை என் கணக்கில் சேர்க்காதீர்கள்" என்று பட்டியல் கொடுக்கும் வசதி அது. மிச்சம் இருந்தவற்றை அதில் ஏற்றினேன். 2013 மே மாதம் பெங்குவின் அடுத்த தடவை ஓடியபோதுதான் என் பக்கங்கள் கொஞ்சம் நிமிர்ந்தன. மூன்று மாதத்தில் கட்டியதைக் கலைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

லிங்க்குக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பது தெரிந்தால் இதெல்லாம் புரிந்துவிடும். 1990-களின் பிற்பாதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜும் செர்கே பிரினும் 'பேஜ்ரேங்க்' என்ற கணக்கை உருவாக்கினார்கள். ஆய்வுக் கட்டுரையில் ஒருவர் இன்னொருவரை மேற்கோள் காட்டுவது போல, ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு லிங்க் கொடுத்தால் அது ஒரு சாட்சி. நல்ல மதிப்புள்ள பக்கம் சொல்லும் சாட்சிக்கு எடை அதிகம். அதோடு, ஒரு பக்கத்தின் மதிப்பு அதிலுள்ள லிங்க்குகளுக்கெல்லாம் பங்கு பிரிகிறது. ஆயிரம் லிங்க் கொட்டிக் கிடக்கும் பக்கத்திலிருந்து உங்களுக்கு என்ன பங்கு வந்துவிடும்? இன்று கூகுள் பார்க்கும் அடையாளங்கள் எத்தனையோ சேர்ந்துவிட்டன. ஆனாலும் லிங்க் என்றால் சாட்சி என்ற அடிப்படை மாறவில்லை. காசு கொடுத்துக் கூட்டிவந்த சாட்சியை யார் நம்புவார்கள்?

2016 செப்டம்பரில் பெங்குவின் கூகுளின் மையக் கணக்கோடு சேர்ந்துவிட்டது. அதன்பின் இந்த மாதிரி லிங்க்குகளைப் பெரும்பாலும் எண்ணாமலே விட்டுவிடுகிறார்கள். அதாவது இன்று நீங்கள் 500 லிங்க் வாங்கினால் பணம் போகும், வேறெதுவும் நடக்காமலே போகலாம். நிலைமை மோசமானால் ஆட்களே பார்த்து 'கைமுறை நடவடிக்கை' எடுப்பார்கள். இதில் பெரியவர், சிறியவர் என்ற பாகுபாடு இல்லை. 2012 ஜனவரியில் பணம் கொடுத்து எழுதவைத்த பதிவுகளில் குரோம் பக்கத்துக்கு லிங்க் இருந்தது தெரியவந்தது. கூகுள் தன் சொந்த குரோம் பக்கத்தையே குறைந்தது 60 நாளுக்குத் தேடலில் கீழே இறக்கியது.

'முதல் இடம் உறுதி' என்பதற்கும் ஒரு வார்த்தை. அப்படி யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. அந்த மின்னஞ்சலை அழித்துவிடுங்கள்.

கேள்வி: 'கீவேர்ட்ஸ்' மெட்டா டேகில் அதிகபட்சம் எத்தனை சொற்கள் போடலாம்?

பதில்: ஒன்றுமே போட வேண்டாம். அது வாசகர் கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தின் கோடில் எழுதும் சொற்பட்டியல். வலைத் தேடலின் தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. அந்த நேரத்தைப் பக்கத் தலைப்புக்குச் செலவிடுங்கள்.

கேள்வி: என் தளத்தின் டொமைன் அதாரிட்டி 12-லேயே நிற்கிறது. போட்டியாளருக்கு 41. இதை ஏற்ற என்ன வழி?

பதில்: டொமைன் அதாரிட்டி என்பது மாஸ் என்ற நிறுவனத்தின் அளவீடு. ஏரெஃப்ஸ் என்ற இன்னொரு நிறுவனம் தருவதன் பெயர் டொமைன் ரேட்டிங். இரண்டும் அந்தந்த நிறுவனம் தன்னிடமுள்ள லிங்க் தரவை வைத்துப் போடும் மதிப்பெண்கள். கூகுள் இவற்றைப் பார்ப்பதில்லை. அதோடு இவை மடக்கை அளவு: 20-இலிருந்து 30-க்குப் போவதைவிட 70-இலிருந்து 80-க்குப் போவது பல மடங்கு கடினம். ஒரு தளத்தை மேலோட்டமாக எடைபோட இந்த எண் உதவும். அதையே இலக்காக வைத்துக்கொண்டால் திரும்பவும் லிங்க் வியாபாரிகளிடம்தான் போய் நிற்பீர்கள். முன்பு கூகுளே தன் டூல்பாரில் பேஜ்ரேங்க்கை 10-க்கு இத்தனை என்று வெளியே காட்டியது. அந்த எண்ணைச் சொல்லித்தான் லிங்க்கை விலை பேசினார்கள். 2016-இல் அப்படிக் காட்டுவதையே நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பதில், தளம் நடத்துவோருக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியைத் திறந்து பாருங்கள், இலவசம்தான். எந்தத் தேடலுக்கு உங்கள் பக்கம் எத்தனை முறை தோன்றியது, எத்தனை பேர் அழுத்தினார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று 16 மாதக் கணக்கு இருக்கும். 8 முதல் 20 வரையிலான இடங்களில் நிற்கும் பக்கங்களை மட்டும் தனியே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் உழைப்பு சீக்கிரம் பலன் தரக்கூடியவை அவைதான். தளத்தில் ஏற்கெனவே நன்றாக ஓடும் பக்கங்களிலிருந்து இவற்றுக்கு உள்லிங்க் கொடுங்கள். 'இங்கே அழுத்தவும்' என்று வேண்டாம், அந்தப் பக்கம் எதைப் பற்றியதோ அந்தச் சொற்களிலேயே கொடுங்கள். உள்லிங்க்கை யாரிடமும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. ஆனாலும் நான் பார்க்கும் தளங்களில் பாதியாவது இதைச் செய்வதில்லை. நல்ல கட்டுரை இருக்கும், தளத்துக்குள்ளேயே அதற்கு ஒரு வழியும் இருக்காது.

கேள்வி: லிங்க் கேட்டு நூறு தளங்களுக்கு ஒரே மாதிரி மின்னஞ்சல் அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை. என்ன தவறு செய்தேன் அண்ணா?

பதில்: நூறு பேருக்கு ஒரே மாதிரி அனுப்பினேன் என்கிறீர்களே, தவறு அங்கேயே இருக்கிறது. உங்கள் கடிதத்தை இணைத்து அனுப்பியிருந்தீர்கள், படித்தேன். "உங்கள் தளம் அருமை" என்று ஆரம்பித்து, மூன்றாவது வரியில் உங்கள் முகப்புப் பக்கத்துக்கு லிங்க் கேட்கிறீர்கள். அந்தத் தளத்துக்காரர் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். உங்கள் முகப்பைத் தன் வாசகருக்குக் காட்டுவதால் அவருக்கு என்ன கிடைக்கிறது?

முதலில், சுட்டிக்காட்டத் தகுந்த ஒரு பக்கம் வேண்டும். நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். 1960-கள், 70-களின் கேமராக்கள் பலவற்றில் ஒளியை அளக்கும் மீட்டருக்குப் பாதரச பேட்டரி போடுவார்கள். அது 1.35 வோல்ட். பாதரசம் நஞ்சு என்பதால் அந்த பேட்டரிகள் சந்தையை விட்டே போய்விட்டன. அந்த இடத்தில் இன்றைய 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டால் மீட்டர் தப்பாகக் காட்டும், படம் கெடும். எந்தக் கேமராவுக்கு எதைப் போடலாம், மீட்டரில் எவ்வளவு திருத்த வேண்டும் என்று என் மேஜையில் வைத்து ஒவ்வொன்றாக அளந்து ஒரு அட்டவணை போட்டேன். இரண்டு வாரம் பிடித்தது. அந்தப் பக்கத்துக்கு லிங்க் கொடுங்கள் என்று நான் முதலில் யாரிடமும் கேட்கவில்லை. பழைய கேமரா வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் பதில் சொல்லும்போது அதையே காட்டினார்கள். புகைப்படம் சொல்லித்தரும் தளங்கள் தங்கள் பாடப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டன. காசு கொடுத்த எண்ணூறு செய்யாததை இந்த ஒரு பக்கம் செய்தது.

நீங்கள் தையல் பற்றி எழுதுகிறீர்கள். எந்தத் துணிக்கு எந்த எண் ஊசி, எந்த நூல், துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்று நீங்களே தைத்து, துவைத்து, அளந்து ஒரு பக்கம் போடுங்கள். வேறு யாரிடமும் இல்லாத அளவுகள் அதில் இருக்க வேண்டும். அதுதான் முக்கியம்.

அப்புறம் கடிதம். இதைச் சோம்பல்படாமல் செய்யுங்கள். தையல் தளங்களில் 'பயனுள்ள இணைப்புகள்' போன்ற பக்கங்களைப் போய்ப் பாருங்கள். அவற்றில் சில லிங்க்குகள் செத்திருக்கும், அழுத்தினால் 'பக்கம் இல்லை' என்ற 404 வரும். அந்தத் தளத்துக்காரருக்கு நாலே வரி எழுதுங்கள். இந்தப் பக்கத்தில் இந்த லிங்க் வேலை செய்யவில்லை. அங்கே முன்பு துணி சுருங்கும் அளவுகள் இருந்தன. (இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் தேடிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.) அதே விஷயத்தை நான் அளந்து எழுதியிருக்கிறேன், சரியாக இருக்கும் என்று பட்டால் சேர்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். அவர் லிங்க் கொடுக்காவிட்டாலும் அவருடைய பக்கத்தில் ஒரு பழுதைச் சொல்லி உதவியிருக்கிறீர்கள். இப்படி எழுதிய இருபது கடிதங்களில் எனக்கு ஐந்தாறு பேராவது பதில் போட்டிருக்கிறார்கள்.

'நீ எனக்கு, நான் உனக்கு' என்று பார்ப்பவர்களோடெல்லாம் லிங்க் மாற்றிக்கொள்ளாதீர்கள். அளவு மீறிய லிங்க் பரிமாற்றமும் கூகுளின் ஸ்பேம் விதிகளில் இருக்கிறது.

கேள்வி: தளத்தைப் புதுப்பித்து எல்லா முகவரிகளையும் மாற்றினோம். இரண்டே மாதத்தில் தேடல் மூலம் வருவோர் பாதியாகிவிட்டனர். வடிவமைத்தவர் "பழைய முகவரியெல்லாம் முகப்புக்குப் போகும்படி செய்துவிட்டேன், பிரச்சினை இல்லை" என்கிறார்.

பதில்: பிரச்சினையே அதில்தான் இருக்கிறது. சம்பந்தமில்லாமல் எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பினால் அந்தப் பக்கங்கள் இல்லாமல் போனதாகவே கூகுள் எடுத்துக்கொள்ளும். பல வருடமாக மற்றவர்கள் மனமுவந்து கொடுத்த லிங்க்குகள் அங்கேயே அறுந்துபோகின்றன. உங்கள் கடிதத்தைப் படித்ததும் உடனே பதில் எழுதத் தோன்றியது இதனால்தான். இந்த லிங்க்குகள் இன்னும் உங்களுடையவை, மீட்டுவிடலாம்.

சர்ச் கன்சோலின் லிங்க்ஸ் பகுதியில் அதிகம் லிங்க் பெற்ற பக்கங்களின் பட்டியல் இருக்கும். தளத்தின் முகவரிகளையெல்லாம் பட்டியலிடும் பழைய சைட்மேப்பும் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் வேபேக் மெஷினில் தேடுங்கள். பழைய முகவரி ஒரு பத்தி, அதற்கு நேரான புதிய முகவரி ஒரு பத்தி என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 301 திருப்பம் (பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று சொல்லும் திருப்பம்) போடச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தைப் புதுத் தளத்தில் எடுத்தே விட்டீர்கள் என்றால், அதற்கு லிங்க் இருக்கும் பட்சத்தில் திரும்பக் கொண்டுவாருங்கள். லிங்க்கும் இல்லை, வாசகரும் இல்லை என்றால் 404 ஆகவே இருக்கட்டும், தப்பில்லை. திருப்பங்களைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். முடிந்தால் எடுக்கவே எடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கிருந்தோ ஆபாசத் தளங்கள் என் தளத்துக்கு லிங்க் கொடுக்கின்றன. உடனே டிஸவோ செய்ய வேண்டுமா? பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள். இப்படிக் குப்பை லிங்க் வராத தளமே இல்லை. கூகுள் அவற்றைத் தானே ஒதுக்கிவிடுகிறது. சர்ச் கன்சோலில் 'கைமுறை நடவடிக்கை' பகுதியைப் பாருங்கள். அங்கே எதுவும் இல்லை, நீங்களும் லிங்க் வாங்கியதில்லை என்றால் டிஸவோ பக்கமே போக வேண்டாம். தெரியாமல் நல்ல லிங்க்குகளையும் பட்டியலில் சேர்த்துத் தன் தளத்தைத் தானே இறக்கிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பறவைகள் பற்றி எழுதுகிறேன். வெளித் தளங்களுக்கு லிங்க் கொடுத்தால் என் தளத்தின் மதிப்பு வெளியே போய்விடும் என்று நண்பர் சொல்கிறார். நல்ல பறவை ஒலிப்பதிவுத் தளம் ஒன்றைக் காட்ட ஆசை. கொடுக்கலாமா?

பதில்: தாராளமாகக் கொடுங்கள். வெளியே லிங்க் கொடுத்ததற்காக ஒரு தளம் கீழே இறங்குவதில்லை. எல்லோரும் பூட்டிக்கொண்டால் இந்த வலையே இருக்காது. நாம் இன்னொருவரிடம் லிங்க்கை எதிர்பார்க்கிறோம், அதைக் கொடுக்கவும் வேண்டும் அல்லவா?

லிங்க்கின் கோடில் குறி போட வேண்டிய இடங்கள் மட்டும் தெரிந்திருக்கட்டும். பணமோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு கொடுக்கும் லிங்க்குக்கு 'ஸ்பான்சர்ட்' என்ற குறி. வாசகர்கள் எழுதும் பகுதியில் வரும் லிங்க்குக்கு 'யூஜிசி' (பயனர்கள் எழுதியது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). இவை இரண்டும் 2019 செப்டம்பரில் வந்தவை. 2005-இலிருந்தே இருக்கும் 'நோஃபாலோ'வை, உங்கள் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நீங்கள் நினைக்கும் லிங்க்குக்குப் போடலாம். ஒலிப்பதிவுத் தளம் இந்த மூன்றிலும் சேராது. சாதாரண லிங்க்காகவே கொடுங்கள். முகப்புக்குப் போகாமல் அந்தந்தப் பறவையின் ஒலிப்பதிவுப் பக்கத்துக்கே நேராகப் போகட்டும், லிங்க் சொற்களில் பறவையின் பெயர் இருக்கட்டும்.