கேயாஸ் பற்றிய பத்தி: உய்த்துணர் கேள்விக்கு எப்படி விடையளிப்பது?

விதிப்படியே இயங்கினாலும், தொடக்கத்தின் சிறு மாற்றத்தால் முடிவு பெரிதும் மாறிப்போகும் இயக்கமே கேயாஸ். பத்தி இது என்று கொள்வோம்: 1961-ல் வானிலையியலாளர் எட்வர்ட் லோரன்ஸ் தன் வானிலை மாதிரியைக் கணினியில் மறுபடி ஓட்டியபோது, தொடக்க எண்ணை 0.506127-க்குப் பதில் 0.506 என்று கொடுத்தார். சமன்பாடுகள் அதேதான். முதலில் ஒட்டிச் சென்ற முடிவுகள் பிறகு முற்றிலும் விலகின. கேள்வி: இதிலிருந்து என்ன பெறப்படுகிறது?

‘வானிலை தற்செயலானது’ என்ற தெரிவில்தான் பலரும் வழுக்குவார்கள். விதி மாறவில்லை, தொடக்க எண்தான் மாறியது. முழு எண்ணையும் கொடுத்திருந்தால் பழைய முடிவே வந்திருக்கும். ‘கணிக்கவே முடியாது’ என்பதும் மிகை, ‘முதலில் ஒட்டிச் சென்ற’ என்ற சொற்களே அதை மறுக்கின்றன. ‘தொடக்க அளவீட்டின் சிறு பிழையும் நெடுநாள் கணிப்பைக் கெடுக்கும்’ என்பதே சரி.

ஒரு பட்டாம்பூச்சியின் சிறகசைப்பு எங்கோ தொலைவில் புயலைக் கிளப்பலாம் என்ற உவமை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பத்தியில் இல்லையென்றால் அதை விடைக்குள் இழுக்காதீர்கள்.