வெல்டர் சான்று இருக்க, பட்டறைக்கும் சான்று எதற்கு?

கேள்வி: ஐயா, கோவையில் இரும்புப் பட்டறை வைத்திருக்கிறேன். ஜெர்மனியில் கட்டப்படும் கிடங்கு ஒன்றுக்குத் தூண்களும் உத்தரங்களும், முகப்புக் கூரைக்கு அலுமினியச் சட்டங்களும் செய்து தரக் கேட்கிறார்கள். எங்கள் வெல்டர்கள் அனைவரும் தேர்ச்சிச் சான்று பெற்றவர்கள். அப்படியிருந்தும் ‘இஎன் 1090’ என்ற ஐரோப்பியத் தரநிலையின்படி பட்டறைக்கும் சான்று வேண்டும் என்கிறார்களே, செய்து முடித்த பொருளைச் சோதித்தால் போதாதா?
– வாசகர், கோவை

பதில்: போதாது. தடித்த உருக்குத் தகடுகளில் ஹைட்ரஜனால் உண்டாகும் விரிசல், வெல்டிங் முடிந்து பல மணி நேரம் கழித்தே தலைகாட்டக்கூடும். மேற்பரப்போ வழவழவென்று குறையின்றித் தெரியும். எல்லா இணைப்புகளையும் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்றாலும், உள்ளே மறைந்திருக்கும் குறையைக் காட்டும் அல்ட்ராசோனிக் (மீயொலி) போன்ற சோதனைகள் சாதாரணக் கட்டடங்களில் ஒரு சிறு பங்குக்கே நடக்கின்றன. எனவே வேலை நடக்கும் முறையையே நம்பத்தக்கதாக்க வேண்டும் என்பதுதான் இத்தரநிலையின் அடிப்படை. அது மிகச் சரியானது என்றே நான் கருதுகிறேன்.

இத்தரநிலையின் முதற்பகுதி, உங்கள் பட்டறையின் உற்பத்திக் கட்டுப்பாட்டை ஐரோப்பிய ஒன்றியத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்பு தணிக்கை செய்வதைப் பற்றியது. 2014 ஜூலை 1 முதல், கட்டடத்தின் சுமை தாங்கும் உருக்கு, அலுமினியப் பாகங்களை அங்கே விற்க, ஐரோப்பிய விதிகளுக்குப் பொருந்துகிறது என்று காட்டும் ‘சிஇ’ குறியை இதன்படி இடுவது கட்டாயம். இரண்டாம் பகுதி உருக்குக்கும் மூன்றாம் பகுதி அலுமினியத்துக்கும் உரியவை. கட்டமைப்பு இடிந்தால் நேரக்கூடிய பாதிப்பையும், அதன் மேல் விழும் சுமையின் தன்மையையும் கொண்டு வேலையின் கண்டிப்பைக் குறிக்கும் செயலாக்க வகுப்பு (இஎக்ஸ்சி) 1 முதல் 4 வரை எது என்று முடிவாகும்; எண் கூடக் கண்டிப்பும் கூடும். 3, 4 ஆகியவற்றில் ஒவ்வொரு துண்டும் எந்த ஹீட் நம்பரை (ஆலையில் ஒரே உருக்கலில் வார்த்த உலோகத்துக்குத் தரும் எண்) சேர்ந்தது என்று கடைசிவரை காட்ட முடிய வேண்டும். தகட்டை அறுக்கும் முன்பே மீதித் துண்டின் மேலும் அந்த எண்ணைப் பொறிக்காவிட்டால், ஆலை தந்த சான்று கையில் இருந்தும் பயனில்லை.

உருக்குக்குப் பெற்ற சான்று அலுமினியத்துக்குச் செல்லாது. கட்டுமானத்தில் பரவலாகப் பயன்படும் 6082-டி6 என்ற அலுமினியக் கலவை, வெல்டிங் சூடு பட்ட இடத்தில் தன் வலிமையில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். சாதாரணக் கட்டுமான உருக்குக்கு அப்படி நேர்வதில்லை. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதன் மேலுள்ள ஆக்சைடு படலமோ 2000 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும் என்பதால், அப்படலத்தை முதலில் நீக்க வேண்டும். இரும்பில் ஓடிய கம்பித் தூரிகையை அதற்குத் தொடவே கூடாது.

விலை சொல்வதற்கு முன் எந்த வகுப்பு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெல்டிங் பணி முழுவதற்கும் பொறுப்பேற்கும் ஒருங்கிணைப்பாளராக யாரை நிறுத்துவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். தணிக்கைக்கு வருபவர் உலோகத்தையும் வெல்டிங் முறையையும் பற்றி அவரிடமே நேரில் கேள்வி கேட்பார்.