பிரிபெண்ட் போட்டும் டிராஃபிக் அந்தப் பக்கமே வருதா?

கேள்வி: பெங்களூரு பொம்மனஹள்ளி பக்கம் சின்னதா ஐஎஸ்பி நடத்துறோம். ரெண்டு அப்ஸ்ட்ரீம் (எங்களுக்கு இன்டர்நெட் கொடுக்கிற பெரிய நெட்வொர்க்), ரெண்டும் 10ஜி லிங்க், எங்ககிட்ட இருக்கிறது ஒரு /22 (1024 ஐபி அட்ரஸ் உள்ள பிளாக்). ராத்திரி ஆனா முதல் லிங்க் ஃபுல்லாயிடுது, ரெண்டாவதுல 2ஜி கூட வரல. லோக்கல் பிரிஃபரன்ஸ் (எந்த ரூட்டுக்கு முன்னுரிமைன்னு ரூட்டர்ல கொடுக்கிற மார்க்) மாத்தியாச்சு, முதல் பக்கம் மூணு பிரிபெண்டும் (பாதை நீளமாத் தெரிய நம்ம ஏஎஸ் நம்பரை, அதாவது நெட்வொர்க் அடையாள எண்ணை, திரும்பத் திரும்பச் சேர்க்கிறது) போட்டாச்சு, ஒண்ணும் அசையல. என்ன பண்ணலாம்?

பதில்: லோக்கல் பிரிஃபரன்ஸை முதல்ல விட்டுடுங்க சார், அது உங்ககிட்ட இருந்து வெளிய போற டிராஃபிக்குக்கு மட்டும்தான், வீட்டு கனெக்‌ஷன் கொடுக்கிறவங்களுக்கு அதுல என்ன பெரிய பாரம் இருக்கு. உள்ள வர்றது எந்த வழியா வரணும்னு முடிவு பண்றது அனுப்புறவன்தான், நாம தூண்டிவிடலாம், உத்தரவு போட முடியாது.

பிரிபெண்ட் ஏன் வேலை செய்யலன்னா, ரூட்டர் பாதை நீளத்தைப் பாக்குறதுக்கு முன்னாடியே தன்னோட லோக்கல் பிரிஃபரன்ஸைப் பாத்துடும். பொதுவா எல்லா அப்ஸ்ட்ரீமும் காசு கொடுக்கிற கஸ்டமர்கிட்ட இருந்து வர்ற ரூட்டுக்கு, பியர்கிட்ட (நேரடியா டிராஃபிக் மாத்திக்கிற சக நெட்வொர்க்) இருந்து வர்றதை விட அதிக மார்க் கொடுத்து வெச்சிருப்பாங்க. முதல் அப்ஸ்ட்ரீமோட லுக்கிங் கிளாஸ்ல (அவங்க ரூட்டர்ல இருக்கிற ரூட்டை வெளிய காட்டுற வெப் பேஜ்) உங்க ப்ரிஃபிக்ஸை, அதாவது ஐபி பிளாக்கை, தேடிப் பாருங்க, நேரடி ரூட்ல உங்க ஏஎஸ் நம்பர் நாலு தடவை வரிசையா நிக்கும், அப்படியும் பெஸ்ட்னு குறி அதுமேலதான் இருக்கும், பக்கத்துல லோக்கல் பிரிஃபரன்ஸ் எவ்வளவுன்னும் பாத்துக்கோங்க. அப்போ அவங்க நெட்வொர்க்குக்குள்ள இருக்கிற வீடியோ கேஷ் (வீடியோவை சேமிச்சு வெச்சிருக்கிற சர்வர்), அவங்களோட மத்த கஸ்டமருங்க, இதெல்லாம் நீங்க பத்து பிரிபெண்ட் போட்டாலும் அதே லிங்க்லதான் இறங்கும். மூணுல நகராதது ஆறுல நகராது, வீண் வேலை.

அதனால அவங்க லோக்கல் பிரிஃபரன்ஸையே இறக்கச் சொல்லணும், அதுக்குத்தான் கம்யூனிட்டி, அதாவது ரூட்டோட சேர்த்து அனுப்புற குறிப்பு எண். 1996ல வந்த ஆர்எஃப்சி 1998லேயே இந்த ஐடியா இருக்கு, புதுசு இல்ல. சேல்ஸ் ஆளுகிட்ட கேக்காதீங்க, என்ஓசிக்கு (நெட்வொர்க்கைப் பாத்துக்கிற டீம்) மெயில் போட்டு "கஸ்டமர் ரூட்டை பியர் ரூட்டுக்குக் கீழ இறக்குற கம்யூனிட்டி இருக்கா"ன்னு நேரா கேளுங்க. சிஸ்கோ ரூட்டர்னா அந்த நெய்பருக்கு (அப்ஸ்ட்ரீம் ரூட்டருக்கு) கம்யூனிட்டி அனுப்புற கமாண்ட் தனியா போட்டிருக்கீங்களான்னு பாருங்க, டீஃபால்ட்டா போகாது. ஆனா /22 முழுசுக்கும் போட்டீங்கன்னா மொத்தமும் அந்தப் பக்கம் சாஞ்சு ரெண்டாவது லிங்க் நிரம்பிடும்.

உங்க கேஸ்ல நான் நம்புறது /24தான் (/22ல நாலுல ஒரு பங்கு). /22ஐ ரெண்டு பக்கமும் அப்படியே விட்டுட்டு, அதுக்குள்ள ஒரே ஒரு /24ஐ ரெண்டாவது பக்கம் மட்டும் கூடுதலா அனவுன்ஸ் பண்ணுங்க (இந்த அட்ரஸுக்கு இந்த வழியா வாங்கன்னு அறிவிக்கிறது). நீளமான ப்ரிஃபிக்ஸ்தான் எப்பவும் ஜெயிக்கும், முதல் அப்ஸ்ட்ரீம் கூட அந்த /24க்கு ரெண்டாவது வழியாத்தான் அனுப்பும். ரெண்டாவது லிங்க் செத்தா /24 மறைஞ்சு /22 பாத்துக்கும். ரெண்டு நாள் சாயங்கால கிராஃபைப் பாத்துட்டு அப்புறம் அடுத்த /24, நாலையும் ஒரே நாள்ல உடைக்காதீங்க.

இதுல பலரும் மாட்டுற இடம் ஆர்ஓஏ, அதாவது இந்த பிளாக்கை இந்த ஏஎஸ் அனவுன்ஸ் பண்ணலாம்னு சொல்ற டிஜிட்டல் அனுமதி. உங்க ஆர்ஓஏ /22க்கு மட்டும் இருந்தா புது /24 இன்வேலிட் ஆயிடும், பெரிய நெட்வொர்க்குங்க நிறைய பேரு தூக்கிப் போட்டுடுவாங்க, டிராஃபிக்கும் நகராது, ஏன்னும் புரியாது. ஐஆர்ஐஎன்என் (இந்தியாவுல ஐபி அட்ரஸ் ஒதுக்குற அமைப்பு) பக்கம் அந்த /24க்குன்னே தனி ஆர்ஓஏ முதல்ல போட்டு, அது வெளிய தெரிஞ்சப்புறம் அனவுன்ஸ் பண்ணுங்க. மேக்ஸ் லெங்த்தை (ஆர்ஓஏ எவ்வளவு சின்ன பிளாக் வரைக்கும் அனுமதிக்கும்ங்கிற அளவு) 24ன்னு பொத்தாம்பொதுவா திறந்து விடுறது வேணாம், அனவுன்ஸ் பண்ணாத /24ஐ உங்க ஏஎஸ் நம்பரைப் போட்டு வேற எவனாவது ஏமாத்தி எடுத்துக்க வழி விடுற மாதிரி ஆயிடும். ரெண்டாவது அப்ஸ்ட்ரீம் ஃபில்டர்லயும் /24ஐ அனுமதிக்கச் சொல்லணும்.

சீஜிநாட் (நிறைய கஸ்டமர் ஒரே பப்ளிக் ஐபியைப் பகிர்ந்துக்கிற முறை) ஓட்டுறீங்கன்னா இன்னும் வசதி, எந்த ஏரியா கஸ்டமர் எந்த /24 பூல்ல வெளிய போகணும்னு நீங்களே மாத்தலாம், அது அப்படியே இன்பவுண்ட் ஸ்டியரிங்தான் (உள்ள வர்ற டிராஃபிக்கைத் திருப்புறது). ஆனா அந்த பூலோட அப்லோடையும் ரெண்டாவது பக்கமே அனுப்புங்க, முதல் அப்ஸ்ட்ரீம் ஸ்ட்ரிக்ட் யூஆர்பிஎஃப் (பாக்கெட் எந்த அட்ரஸ்ல இருந்து வருதோ அதுக்கான ரூட் அதே லிங்க்ல இருக்கான்னு பாக்குற சோதனை) போட்டிருந்தா உங்க பாக்கெட்டை டிராப் பண்ணிடும்.

பில்லையும் பாருங்க. 95 பர்சன்டைல் பில்லிங்ல (அதிகமா ஓடின 5% நேரத்தைக் கழிச்சுட்டு மிச்சத்துல இருக்கிற உச்சத்துக்கு காசு வாங்குறது) 30 நாள் மாசத்துக்கு 36 மணி நேரம்தான் கழியும், தினம் நாலு மணி நேர பீக்குன்னா 120 மணி, அதனால நகர்த்துற டிராஃபிக்குக்கு முழு ரேட்டும் வரும்.

எல்லாம் பண்ணியும் கிராஃப் பாதிதான் நகருதுன்னா ஐபிவி6ஐப் பாருங்க. வி4 பூலை மாத்துறது அதைத் தொடாது, யூடியூப் மாதிரி பெரிய டிராஃபிக் அதுலதான் வந்துட்டிருக்கும். அதே வேலைய அங்க /48 (ஐபிவி6 பிளாக்) வெச்சு தனியா செய்யணும், அதுக்கும் ஆர்ஓஏ வேணும்.