பெலனி வழக்கு நடக்கும்போது துப்பாக்கி உரிமை: கேள்வி பதில்

அமெரிக்காவில் பெலனி வழக்கு, அதாவது கடும் குற்ற வழக்கு, வந்தவர்கள், தங்கள் துப்பாக்கியை என்ன செய்வது என்று கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து எடுத்துக்கொள்கிறேன். குற்ற வழக்குகளில் எதிர்த்தரப்புக்காக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக, வேலை செய்கிறவள் நான். இங்கே சொல்வது பொதுச் சட்டம். உங்கள் வழக்கைப் பொறுத்தவரை உங்கள் வக்கீல் சொல்வதைக் கேளுங்கள்.

அக்கா, டெக்சஸில் என் தம்பி மேல் இண்டைட்மென்ட் (நீதிமன்றத்தில் முறையாகப் பதிவான குற்றச்சாட்டு) வந்துவிட்டது. வீட்டில் ஏற்கெனவே இரண்டு துப்பாக்கி இருக்கிறது. கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டுமா?

முதலில் அவருடைய ஜாமீன் உத்தரவை எடுத்துப் படியுங்கள். பதில் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

ஃபெடரல் சட்டத்தை மட்டும் பார்த்தால் ஒப்படைக்க வேண்டியதில்லை. அமெரிக்கச் சட்டத் தொகுப்பில் 18ஆம் தலைப்பின் 922(என்) பிரிவு, இண்டைட்மென்ட் நிலுவையில் உள்ளவர் புதிதாகத் துப்பாக்கியோ தோட்டாவோ பெறுவதையும், அவற்றை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்புவதையும் கொண்டுபோவதையும் தடுக்கிறது. முன்பே வாங்கி வீட்டில் இருப்பதைத் தொடர்ந்து வைத்திருப்பதை அது தடுக்கவில்லை. தண்டிக்கப்பட்டவர்களுக்கான 922(ஜி) பிரிவுதான் வைத்திருப்பதையே குற்றமாக்குகிறது.

ஆனால் ஜாமீன் கொடுக்கும் நீதிபதி “துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது” என்று ஒரு நிபந்தனை எழுதலாம். ஃபெடரல் ஜாமீன் சட்டத்திலேயே அதற்கு இடம் உண்டு, மாநில நீதிமன்றங்களும் எழுதுகின்றன. அப்படி ஒரு வரி இருந்தால் மேலே சொன்ன வித்தியாசம் எதுவும் உதவாது. மீறினால் ஜாமீன் ரத்தாகி உள்ளே போக வேண்டிவரும். வழக்கில் நல்ல எதிர்வாதம் இருந்தும், இந்த ஒரு வரியைப் படிக்காததால் சிறையிலிருந்தபடி வழக்கை நடத்த வேண்டிய நிலைக்கு ஆட்கள் போவது எனக்குத் தாங்க முடியாத விஷயம். அதனால்தான் ஜாமீன் தாளை முதலில் எடுக்கச் சொன்னேன்.

வாஷிங்டன் மாநிலத்திலும் இதே கதைதானா?

இல்லை. வாஷிங்டனில் “கடுமையான குற்றம்” என்று அந்த மாநிலச் சட்டம் வரையறுத்திருக்கும் வழக்குகளில் ஜாமீனில் வெளியே இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். ஹவாயிலும் இண்டைட்மென்ட் நிலுவையில் இருப்பவர் வைத்திருக்கக் கூடாது. டெக்சஸில் வீட்டில் இருப்பதை மாநிலச் சட்டம் பறிப்பதில்லை, ஆனால் மறைத்து எடுத்துச் செல்லும் லைசென்ஸ் இருந்தால் அதை நிறுத்தி வைப்பார்கள். மாநிலம் மாறினால் பதிலும் மாறும். வேறு மாநில நண்பர் சொன்னதை நம்பி எதுவும் செய்யாதீர்கள்.

கைது மட்டும்தான் ஆகியிருக்கிறது சார். கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடர முகாந்திரம் உண்டா என்று முடிவெடுக்கும் குடிமக்கள் குழு) முன் இன்னும் போகவில்லை. இப்போதே தடை வந்துவிட்டதா?

(சார் இல்லை, அக்கா. பரவாயில்லை.)

வெறும் கைதோ போலீஸ் புகாரோ இண்டைட்மென்ட் ஆகாது. அதே சமயம் கிராண்ட் ஜூரி கொடுப்பது மட்டும்தான் கணக்கு என்றும் நினைக்காதீர்கள். அரசு வக்கீல் நேரடியாகத் தாக்கல் செய்யும் ‘இன்ஃபர்மேஷன்’ என்ற குற்றச்சாட்டுப் பத்திரத்தையும் சட்டம் சேர்த்தே சொல்கிறது. துப்பாக்கி வாங்கும்போது கடையில் நிரப்பும் ஃபார்ம் 4473 இரண்டையும் கேட்கும். ராணுவத்தில் இருப்பவராக இருந்தால், ஜெனரல் கோர்ட் மார்ஷலுக்கு அனுப்பப்பட்ட குற்றச்சாட்டு உண்டா என்றும் கேட்கும்.

என் மேல் உள்ளது மிஸ்டிமீனர் (சிறு குற்றம்)தான், பெலனி இல்லை. கவலை இல்லைதானே?

எந்த மாநிலம்? ஃபெடரல் சட்டம் பெயரைப் பார்ப்பதில்லை, அதிகபட்சம் எவ்வளவு தண்டனை கொடுக்க முடியும் என்று பார்க்கிறது. ஓராண்டுக்கு மேல் கொடுக்க முடிந்தால் தடை உண்டு. மாநிலம் மிஸ்டிமீனர் என்று வகைப்படுத்தி, அதிகபட்சமும் 2 ஆண்டுக்குள் இருந்தால் விலக்கு. பென்சில்வேனியாவில் முதல் நிலை மிஸ்டிமீனருக்கு 5 ஆண்டு வரை கொடுக்கலாம். அங்கே “வெறும் மிஸ்டிமீனர்” என்று நினைத்து ஃபார்மில் ‘இல்லை’ என்று டிக் செய்தவர் மாட்டிக்கொள்வார்.

ஃபார்மில் ‘இல்லை’ போட்டுவிட்டு வாங்கினால் என்ன ஆகும்?

தெரிந்தே பொய் எழுதி வாங்குவதற்கு 10 ஆண்டு வரை, இண்டைட்மென்ட் இருக்கும்போது வேண்டுமென்றே பெற்றதற்கு 5 ஆண்டு வரை. முதல் வழக்கில் விடுதலையானாலும் இவை தனியாக நிற்கும். பின்னணிச் சோதனையில் உடனே பதில் வராமல் 3 வேலை நாள் கடந்தால் கடைக்காரர் துப்பாக்கியைக் கொடுக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. கையில் வந்துவிட்டது, அதனால் சரிதான் என்று அர்த்தமில்லை. பிறகு விவரம் தெரிந்து ஆள் வந்து திரும்ப வாங்கிப் போவார்கள், வழக்கும் வரும்.

நண்பர் பெயரில் வாங்கிக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. 2022இல் வந்த சட்டப்படி இதற்கு 15 ஆண்டு வரை. நண்பரையும் சேர்த்து இழுத்துவிடுவீர்கள்.

அண்ணன் துப்பாக்கி அடகுக் கடையில் இருக்கிறது. பணம் கட்டி மீட்கலாமா?

அவரே போய் மீட்க முடியாது. சொந்தப் பொருளாக இருந்தாலும் அடகிலிருந்து திரும்ப வாங்குவது புதிதாகப் பெறுவதாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஃபார்ம் 4473, பின்னணிச் சோதனை எல்லாம் உண்டு. வழக்கு முடியும்வரை அடகுக் காலத்தை நீட்டிக்க முடியுமா என்று கடையில் கேளுங்கள். அப்புறம், வேட்டைக்காகப் பக்கத்து மாநிலத்துக்குத் தன் பழைய ரைஃபிளைக் கொண்டுபோவதும் அவருக்கு இப்போது தடைதான். பலர் இதைக் கவனிப்பதில்லை.

ஜாமீன் நிபந்தனை இருக்கிறது. மனைவி பெயருக்கு மாற்றி வீட்டுப் பெட்டகத்திலேயே வைத்தால் போதுமா?

போதாது. பெட்டகத்தின் எண் உங்களுக்குத் தெரிந்தாலே, உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது என்று அரசு வக்கீல் வாதிடுவார். வீட்டை விட்டு வெளியே போவதுதான் பாதுகாப்பு: வேறு வீட்டில் இருக்கும் உறவினரிடமோ, லைசென்ஸ் உள்ள கடையிலோ கொடுத்து ரசீது வாங்கி வக்கீலிடம் கொடுங்கள். மாநிலச் சட்டம் கைமாற்றத்துக்குப் பின்னணிச் சோதனை கேட்டால் அதையும் செய்யுங்கள்.

குற்றமே நிரூபிக்கப்படவில்லை. அதற்குள் உரிமையைத் தடுப்பது நியாயமா?

இந்தக் கேள்வியை நானும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். கிராண்ட் ஜூரி பெரும்பாலும் அரசுத் தரப்பை மட்டுமே கேட்டு முடிவெடுக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பொதுவாக அந்த அறையில் இடமில்லை. இந்தத் தடையை விதித்த முதல் ஃபெடரல் சட்டம் 1938இல் வந்தபோது வன்முறைக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு மட்டுமே தடை. 1961இல் அதை ஓராண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றம் எல்லாவற்றுக்கும் விரித்தார்கள். இன்று கணக்கு மோசடி வழக்கில் இருப்பவருக்கும் அதே தடை.

உச்ச நீதிமன்றம் 2022இல் ப்ரூயன் தீர்ப்பில், துப்பாக்கிக் கட்டுப்பாடு நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்த வேண்டும் என்றது. அதே ஆண்டு மேற்கு டெக்சஸ் ஃபெடரல் நீதிபதி ஒருவர் 922(என்) செல்லாது என்றார். ஆனால் மேல்முறையீட்டில் 2025இல் ஐந்தாம் சர்க்யூட் (ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம்) அதை மாற்றியது. 2024இல் ஆறாம் சர்க்யூட்டும் இந்தப் பிரிவு செல்லும் என்று சொல்லியிருந்தது. கடும் குற்றம் சாட்டப்பட்டவரை விசாரணைக்கு முன்பே சிறையில் வைக்கும் பழைய வழக்கம் இருந்தது, அதைவிட இது சிறிய தடைதானே என்பது அவர்கள் வாதம். வன்முறை வழக்குக்கு அந்த வாதம் எனக்குப் புரிகிறது. கணக்கு மோசடிக்கும் அதையே நீட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் இன்றைய சட்டம் இதுதான், இதை நம்பியே நடக்க வேண்டும்.

மனைவி பாதுகாப்பு உத்தரவும் வாங்கியிருக்கிறார்.

அது வேறு கணக்கு. நோட்டீஸ் கொடுத்து, விசாரித்துப் போட்ட குடும்ப வன்முறை உத்தரவு சட்டம் சொல்லும் நிபந்தனைகளுக்குப் பொருந்தினால், வீட்டில் வைத்திருப்பதே ஃபெடரல் குற்றம். 2024இல் ரஹிமி தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் 8-1 என்று அதை உறுதி செய்தது. இன்றே வக்கீலைப் பாருங்கள்.

நான் எச்1பி விசாவில் இருக்கிறேன்.

அப்படியானால் வழக்கு இல்லாமலே உங்களுக்குத் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே. கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்த விசாத் தடை இல்லை. ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் நாடு கடத்தல் வரை போகலாம். குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடும் முன் குடியேற்ற வக்கீலையும் கேளுங்கள்.

வழக்குத் தள்ளுபடியானால் மனு போட வேண்டுமா?

வேண்டாம். தள்ளுபடியோ விடுதலையோ ஆனதும் 922(என்) தடை தானாகவே போய்விடும். தீர்ப்பைத் தள்ளிவைக்கும் டிஃபர்ட் அட்ஜுடிகேஷன் வாங்கியவர்கள் மட்டும் கவனம்: அந்தக் காலத்திலும் இண்டைட்மென்ட் நிலுவையில் இருப்பதாகவே டெக்சஸ் வழக்கில் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஒன்று செய்யுங்கள். வழக்கு முடிந்த உத்தரவின் சான்றளித்த நகலை நீதிமன்ற எழுத்தரிடம் வாங்கி வையுங்கள். கணினிப் பதிவில் வழக்கு இன்னும் நடப்பதாகவே கிடந்து, கடையில் மறுப்பு வரலாம். அப்போது எஃப்பிஐயின் பின்னணிச் சோதனைப் பிரிவில் மேல்முறையீடு செய்ய அந்த நகல்தான் வேண்டும்.