டிராகன் வந்தால் மேசை நடுங்க வேண்டும்: கேள்வி பதில்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டை நடத்துபவர்களுக்காக. எண்கள் எல்லாம் அதன் 1981 பேசிக், எக்ஸ்பர்ட் விதிகளின்படி.

5ஆம் லெவல் ஆட்கள் ஆறு பேர் சிவப்பு டிராகனை மூன்றே ரவுண்டில் முடித்துவிட்டார்கள். எங்கே தப்பு?

பெரும்பாலும் முதல் ரவுண்டில். டிராகனுக்கு அந்த நேரத்தில் எத்தனை ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) மிச்சமோ, அதன் மூச்சு அத்தனை சேதம் செய்யும். சிவப்புக்கு 10 ஹிட் டைஸ் (ஹிட் பாயின்ட்டை முடிவு செய்ய உருட்டும் பகடைகள்), சராசரி 45. 5ஆம் லெவல் ஃபைட்டருக்கு, அதாவது போர்வீரர் பாத்திரத்துக்கு, சராசரி 22தான். மூச்சுக்கு எதிரான சேவிங் த்ரோவில் (ஆபத்தைத் தாங்க உருட்டும் இருபதுமுகப் பகடையில்) 13 அல்லது அதற்கு மேல் விழுந்தால்தான் சேதம் பாதியாகும். நகம், பல் என்று ஆரம்பித்து 30 பாயின்ட் இழந்த பிறகு ஊதினால் வெறும் 15. முதல் தாக்குதல் எப்போதும் மூச்சுதான் என்று விதியே சொல்கிறது. பலர் அந்த வரியைக் கவனிப்பதே இல்லை.

அப்படி ஊதினால் பாதிப் பேர் செத்துவிடுவார்களே, நியாயமா?

முன்பே எச்சரித்திருந்தால் நியாயம். நேரில் பார்ப்பதற்குள் மூன்று தடயமாவது கிடைக்கட்டும். சிவப்பின் தீ 90 அடி நீளக் கூம்பு. வாயருகே 2 அடி, கடைசியில் 30 அடி அகலம். இதை எண்ணாகச் சொல்லிவிடாதீர்கள். குகைத் தரையில் விசிறிபோல் விரியும் கரி, அதன் நடுவே கேடயம் பிடித்து நின்ற ஒருவரின் நிழலளவுக்கு மட்டும் கருகாத கல். ஆட்டக்காரர்கள் தாங்களே அடி வைத்து அளப்பார்கள், அடுத்த அறையில் தள்ளித் தள்ளி நிற்பார்கள். அந்த அமைதிதான் நமக்கு வேண்டிய பயம்.

குகைக்குள் பறக்க இடமில்லையே?

பறக்க முடியாத இடத்தில் அது ஏன் குடியிருக்கப்போகிறது? மேலே ஒரு வாய் வையுங்கள். டிராகன் தரையில் ரவுண்டுக்கு 30 அடி நகரும், வானத்தில் 80. தரையில் ஆறு பேர் சூழ்ந்தால் எந்த டிராகனும் தாங்காது. ஊதிவிட்டுக் கிளம்பட்டும், இரவில் முகாமுக்கு வரட்டும். நாளுக்கு மூன்று மூச்சுதான். மூன்றாவதைத் தப்பிக்க வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் எட்டாத உயரத்திலேயே சுற்றவிடாதீர்கள், ஆட்டம் சலித்துவிடும். ஊத 90 அடிக்குள் இறங்கியாக வேண்டும், லாங்போ 210 அடி பாயும். வில்லாளிகளுக்கு அதுதான் வாய்ப்பு.

தூங்கும்போது பிடித்தால்?

வெள்ளை டிராகன் தூங்க 50 சதவீத வாய்ப்பு, சிவப்புக்கு 10தான். கிடைத்தாலும் ஒரு ரவுண்டுக்கு மட்டும் தாக்குபவர்களின் பகடைக்கு +2.

பேச வைக்கலாமா?

சிவப்பில் பாதி பேசும். மிரட்ட விடாதீர்கள். மந்திரவாதியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வெளியே குதிரைகளோடு நிற்பவன் எத்தனை நாள் காத்திருப்பான் என்று மட்டும் கேட்கட்டும்.