வாசகர் கேள்வி: முன்னேறிய சிப்பாய்

கேள்வி: ஐயா, எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு மாலையில் சதுரங்கம் பழக்குகிறேன். செமி டாராஷ் தற்காப்புக்கு (கறுப்பு ஆடும் ஒரு தொடக்க முறை) எதிராக வெள்ளையில் ஆடும்போது, தடுக்கும் எதிரிச் சிப்பாயற்ற டி சிப்பாயை டி6 (டி நெடுவரிசையின் ஆறாம் கட்டம்) வரை விரைந்து தள்ளி, பின்னர் அதை இழந்துவிடுகிறார்கள். எப்போது தள்ள வேண்டும்?
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: சிப்பாய்க்கு முன்னுள்ள கட்டத்தை யார் ஆள்கிறார் என்பதையே முதலில் பாருங்கள், ஐயா. அங்கே கறுப்புக் குதிரை வந்து அமர்ந்துவிட்டால், அது சிப்பாயை நிறுத்துவதோடு சுற்றியுள்ள கட்டங்களையும் தாக்கும். யானையோ ராணியோ காவல் நின்றால் அந்தப் பெரிய காய்தான் முடங்கிப்போகும்.

1969 உலக வாகையர் போட்டியின் ஐந்தாம் ஆட்டத்தில், கறுப்பில் ஆடிய பெட்ரோசியனின் குதிரை ஏ5 ஓரத்தில் விலகி நின்றபோது, வெள்ளையில் ஆடிய ஸ்பாஸ்கி டி சிப்பாயை முன்செலுத்தி, 22ஆம் நகர்த்தலில் டி7 கட்டத்தில் நிறுத்தினார். அதன் பிறகு அவர் அவசரப்படவே இல்லை என்பதுதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது: கறுப்பு யானை டி8 கட்டத்தில் கட்டுண்டு கிடக்க, தம் யானையை சி7 கட்டத்துக்கும், குதிரையை டி4 வழியாக சி6 கட்டத்துக்கும் கொண்டுவந்து அந்தக் காவலையே தாக்கினார். கறுப்புக் குதிரை பி7 வழியாக டி6 கட்டத்துக்குத் திரும்பியபோது காலம் கடந்திருந்தது. 30ஆம் நகர்த்தலில் வெள்ளை வென்றது.

மாணவர்கள் தள்ளுவதற்கு முன் டி1 கட்டத்தில் யானையை வைக்கட்டும். எதிரிக் குதிரை எத்தனை நகர்த்தலில் டி6 அல்லது டி7 கட்டத்தை அடையும் என்று விரல்விட்டு எண்ணட்டும்.