ஆண் பாத்திரம் செய்தால் வீரம், பெண் பாத்திரம் செய்தால் திமிர்: ரசிகர்கள் ஏன் இப்படிப் பேசுகிறார்கள்?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு. கதாபாத்திரங்களைப் பற்றிப் பேசும்போது ரசிகர்கள் ஆணுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயம், கறுப்பாக இருப்பவருக்கு இன்னொரு நியாயம் என்று வைத்திருப்பது ஏன்? "அது அவரவர் ரசனை" என்று வாயை அடைப்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இங்கே ரசிகர் சண்டை சினிமாவோடும் தொடரோடும் நிற்பதில்லை, மகாபாரதமும் அதில் சேர்த்தி. எனக்கு நன்றாகத் தெரிந்த சண்டை அதுதான்.

முதலில் ஒன்று. ஒரு பாத்திரம் ஒருவருக்குப் பிடிக்காமல் போவதில் தப்பே கிடையாது. எனக்குக் குந்தியைப் பிடிக்காது. பிறந்ததும் ஆற்றில் விட்ட மகனான கர்ணனிடம் போர் நெருங்கிய பிறகு போய், மற்ற பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்றக் கேட்டவள் என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அதே காரணத்துக்காகக் கிருஷ்ணன் மீதும் கோபம் உண்டு. பிறப்பு ரகசியம் தெரிந்திருந்தும் அதுவரை வாய் திறக்காமல், போர் நெருங்கியதும் கர்ணனைத் தேரில் ஏற்றிக்கொண்டு போய்ச் சொன்னவன் அவன். ஒருவர் யாரை வெறுக்கிறார் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வெறுப்புக்கு என்ன காரணம் சொல்கிறார், அந்தக் காரணத்தை அதே தப்பைச் செய்த மற்றவருக்கும் பொருத்துகிறாரா என்றுதான் பார்ப்பேன்.

டர்பனில் ஈஸ்டர் சமயத்தில் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி நடக்கும். 1860இல் தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்களில் வட ஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கத்துத் தமிழர்கள் ஏராளம். திரௌபதி அம்மன் கோயில்கள் நிறைந்த சீமை அது. அம்மனையும் கூத்தையும் அவர்கள் கூடவே கொண்டுவந்தார்கள். ஒரு தடவை தீமிதிக்கு முந்தின நாள் கோயில் சமையல்கட்டில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். பேச்சு பாரதக் கதைக்கு, துரியோதனன் விழுந்ததைப் பார்த்துத் திரௌபதி சிரித்தாள் என்ற இடத்துக்குப் போனது. அண்டா பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு ஆயா, கத்தியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "ஆயிரம் சொன்னாலும் அவ சிரிச்சிருக்கக் கூடாதும்மா. பொம்பளை சிரிச்சாப் போச்சு, பொகையிலை விரிச்சாப் போச்சு." சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அவர் கையில் மஞ்சள் காப்பு கட்டியிருந்தது. மறுநாள் அந்த அம்மனுக்காகத்தான் நெருப்பில் இறங்கப் போகிறார். பக்தியில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் பதினெட்டு நாள் போருக்கும் பொறுப்பை ஒரு சிரிப்பின் தலையில் கட்டிவிட்டார்.

வியாச பாரதத்தின் சபா பருவத்தை எடுத்துப் பாருங்கள். மய மண்டபத்தில் துரியோதனன் தண்ணீரில் விழும் இடத்தில் சிரிப்பவர்களாகக் கதை சொல்பவர் பெயர் சொல்வது பீமன், அர்ஜுனன், இரட்டையர், அப்புறம் வேலைக்காரர்கள். திரௌபதி பெயர் அந்த இடத்தில் இல்லை. பிறகு துரியோதனன் தன் அப்பாவிடம் புலம்பும்போதுதான் அவளும் மற்றப் பெண்களும் சிரித்ததாகச் சொல்கிறான். அதாவது, குற்றம் சாட்டுபவனின் வாக்குமூலம் மட்டும்தான் இருக்கிறது. "குருடன் மகனும் குருடன்" என்று அவள் சொன்னதாக எல்லாருக்கும் மனப்பாடமாக இருக்கும் வசனம் வியாசரில் எங்குமே கிடையாது. 1988இல் தொடங்கிய இந்தி மகாபாரதத் தொலைக்காட்சித் தொடர்தான் அதை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. சரி, அவளும் சிரித்தாள் என்றே வைத்துக்கொள்வோம். பீமனும் சிரித்தானே! "பீமன் சிரித்ததால் போர் வந்தது" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

இப்போது கர்ணன். எங்கள் ஊர்க் குடும்பங்களுக்கு அவன் உயிர். 1964இல் வந்த 'கர்ணன்' படத்தைப் பற்றிப் பேசினால் இன்றும் கண் கலங்கும் தாத்தாக்களை எனக்குத் தெரியும். அந்தப் பாசம் நியாயமானது. பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்டவனைக் கூலிகள் என்று ஏசப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் புரிந்துகொள்ளாவிட்டால் வேறு யார் புரிந்துகொள்வார்கள்? ஆனால் சபையில் அவன் செய்ததையும் சேர்த்துத்தான் அவனை நேசிக்க வேண்டும். கௌரவர்களில் ஒருவனான விகர்ணன் எழுந்து திரௌபதிக்காக நியாயம் பேசினான். அவனை அதட்டி உட்கார வைத்தது கர்ணன். ஐந்து கணவர்கள் உள்ளவள் பொதுமகள் என்று சொன்னதும் கர்ணன். துகிலை உரியச் சொல்லித் துச்சாதனனை ஏவியதும் கர்ணன்தான். இதை எங்கள் ரசிகர் குழுவில் எழுதினால் உடனே வரும் பதில்: "பாவம், அவன் நிலைமை அப்படி, நண்பனுக்காகப் பேசினான்." ஆணின் தப்புக்குப் பின்னால் ஒரு கதை தேடிக் கண்டுபிடிக்கிறோம். பெண்ணின் தப்பு என்று வந்தால் கதை தேடுவதில்லை, குணத்தையே குற்றம் சொல்கிறோம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

வெளிநாட்டுத் தொடர்களிலும் இதே கதைதான். பிரேக்கிங் பேட் தொடரில் கணவன் போதைப்பொருள் காய்ச்சுகிறான், கொலை செய்கிறான், ஒரு சின்னப் பையனுக்கு விஷம் வைக்கிறான். ரசிகர்களின் வசை முழுக்க, அவனைக் கேள்வி கேட்ட மனைவி ஸ்கைலருக்கு. அந்த வேடத்தில் நடித்த அன்னா கன், வெறுப்பு பாத்திரத்தைத் தாண்டித் தன் மீதே பாய்ந்ததைப் பற்றி 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் எழுதினார்.

நிறத்துக்கு வருகிறேன், இதுதான் என்னை அதிகம் சுடுவது. 2012இல் ஹங்கர் கேம்ஸ் படம் வந்தபோது ரூ என்ற சிறுமியாக நடித்த ஆமண்ட்லா ஸ்டென்பெர்க்குக்கு வயது 13. கறுப்பினச் சிறுமியை ஏன் போட்டார்கள் என்று ட்விட்டரில் பலர் கொதித்தார்கள். அவள் கறுப்பு என்று தெரிந்ததும் அவள் சாவு அவ்வளவாக வலிக்கவில்லை என்றுகூட எழுதினார்கள். படத்துக்கு மூலமான நாவலில் ரூவுக்கு அடர் பழுப்பு நிறம் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. நூலை மதிப்பவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் நூலைச் சரியாகப் படிக்கவே இல்லை. தென்னாப்பிரிக்கப் பெற்றோருக்குப் பிறந்த நோமா டுமேஸ்வேனி லண்டன் மேடையில் ஹாரி பாட்டர் கதையின் ஹெர்மயனியாக நடிக்கப்போகிறார் என்று 2015 டிசம்பரில் அறிவிப்பு வந்தபோதும் இதே கூச்சல்தான்.

நாம் மட்டும் என்ன செய்கிறோம்? திரௌபதி கருநிறத்தவள் என்று வியாசர் அடித்துச் சொல்கிறார். தொலைக்காட்சித் தொடர்களில் சிவப்பான நடிகைகள் அந்த வேடத்தில் வந்தபோது "மூலத்தை மாற்றிவிட்டார்கள்" என்று நம் குழுக்களில் யாரும் போர்க்கொடி தூக்கவில்லை. இத்தனைக்கும் இங்கிருக்கும் குடும்பங்கள் நிறத்தை வைத்து மனிதர்களை வகைபிரித்த சட்டத்தில் அடிபட்டவை. 1950இல் வந்த குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி, டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் இருந்தவர்களைக் கிளப்பி, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் விட்டார்கள். அந்த வலியைச் சொல்லும் வீடுகளில்கூடக் கதாநாயகி சிவப்பாக இல்லையென்றால் "வேலைக்காரி மாதிரி இருக்கா" என்கிறார்கள்.

கோயில் விழாவில் பிள்ளைகள் நாடகம் போடுவார்கள். ஒரு வருடம் ராமாயணம். வெளுத்த பிள்ளைக்குச் சீதை, கறுத்த பிள்ளைக்குச் சூர்ப்பணகை என்று யாரும் யோசிக்காமலே முடிவாகிவிட்டது. ராமன் வேடம் போட்ட பையனுக்கு முகமெல்லாம் பவுடர். கம்பன் "மையோ, மரகதமோ, மறிகடலோ, மழைமுகிலோ" என்று பாடிய ராமனுக்கு! சூர்ப்பணகையாக நடித்த பிள்ளைக்கு உச்சரிப்பு சுத்தம். வகுப்பில் அவள்தான் சத்தமாக, தயங்காமல் வாசிப்பாள். ஒத்திகை முடிந்து வீட்டுக்குப் போகும்போது, "டீச்சர், நான் எப்பவும் ராட்சசிதானா?" என்று கேட்டாள். பாத்திரங்களைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவதையெல்லாம் அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். இது வெறும் ரசனை என்று என்னால் விட முடியாமல் போவது இதனால்தான்.

என்ன பதில் சொல்வது என்று கேட்டீர்கள். "நீ ஆணாதிக்கவாதி" என்று ஆரம்பித்தால் அத்தோடு பேச்சு முடிந்துவிடும். நான் இரண்டு கேள்வி கேட்பேன். எந்தக் காட்சியை வைத்துச் சொல்கிறீர்கள்? அதே காட்சியில் அதையே செய்த இன்னொருவரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? பாதிப் பேர் காட்சியைத் தேடப் போவார்கள், போனால் பேச்சு தரமாகிவிடும். கர்ணன் ரசிகர்களிடம் உத்தியோக பருவத்தைப் படிக்கச் சொல்வேன். துரியோதனனை மகிழ்விக்கப் பாண்டவர்களை நோகப் பேசியதற்காக வருந்துவதாக அவனே கிருஷ்ணனிடம் சொல்கிறான். அதைப் படித்த பிறகு அவனை இன்னும் அதிகமாக நேசிக்க ஆரம்பித்த ஒரு தம்பியை எனக்குத் தெரியும். ஆனால் பேச்சு பாத்திரத்தை விட்டு நடித்தவரின் உடம்புக்கோ நிறத்துக்கோ போனால் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன். குழுவை நடத்துபவரிடம் சொல்லி அந்தப் பதிவை எடுக்கச் சொல்லிவிடுவேன்.

இந்த வருட விழாவுக்குச் சிலப்பதிகாரம் போடலாம் என்று பேச்சு. பிள்ளைகள் எல்லாரையும் வசனம் பேசவைத்துக் கேட்டுவிட்டு யாருக்குக் கண்ணகி என்று முடிவு செய்யுங்கள் என்று கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.